பனி பார்க்கப் போன வேன்

குளிர்காலம் வந்துவிட்டால் வளைகுடாவில் நம்மவர்களின் வயதை முகம் பார்க்காமலே சொல்லிவிடலாம். சின்னப் பிள்ளைகள் செருப்பில்லாமல் மொட்டைமாடியில் ஓடுவார்கள். கல்யாணமாகாத பையன்கள் வாரக் கடைசியில் கோழியும் கரியும் வாங்கிக்கொண்டு பாலைவனத்துக்குப் போவார்கள். நாற்பத்தைந்தைத் தாண்டியவர் என்றால் காதில் பஞ்சு இருக்கும். ஆளைப் பார்த்ததும், இந்த வருஷம் குளிர் கூடத்தான் என்பார். போன வருஷமும் அதையேதான் சொல்லியிருப்பார். எனக்கு இப்போது இருபத்தாறு. சத்வா என்ற பகுதியில் ஒரு தையல் கடைக்கு மேலே குடியிருக்கிறேன். குளிர்காலத்தில் என் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, ஏன் இப்படி எல்லா ஜன்னலையும் திறந்துபோட்டிருக்கிறாய் என்பதுதான்.

அதற்குப் பதில் சொல்வதென்றால் சவூதியின் கடற்கரை ஊரான யான்புவிலிருந்து தொடங்க வேண்டும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, பனி பார்க்கிறோம் என்று அங்கிருந்து கிளம்பிப்போன ஒரு பயணத்தில் நாங்கள் நான்கு பேரும் முடிந்துபோயிருக்க வேண்டியது. முடியாமல் போனதால்தான் இன்று கொஞ்சம் கேலியோடு சொல்ல முடிகிறது.

யான்புவில் வாப்பாவுக்கு ஒரு பலசரக்குக் கடை. கடை, விசா தந்த சவூதிக்காரரான கஃபீலின் பெயரில்; உழைப்பு வாப்பாவின் பெயரில். ரிஃபைனரியில் வேலை பார்க்கிற நம்மூர் ஆட்கள் டூட்டி முடிந்து முருங்கைக்காயும் புளியும் தேடி அங்கேதான் வருவார்கள். எங்கள் ஊர் கீழக்கரை. ஊர் வெயிலை வாப்பா உடம்போடு கொண்டுவந்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். ஜூலையில் நாடே வெந்துகொண்டிருக்கும்போது அவர் மட்டும் தெம்பாக மூட்டை இறக்குவார். டிசம்பரில் கடற்காற்று கொஞ்சம் சில்லென்று அடித்தால் போதும், ஆள் படுத்துவிடுவார். இரண்டு ஸ்வெட்டர், மங்கி குல்லா, அதற்குமேல் ஒரு சால்வை. கல்லாவில் உட்கார்ந்திருப்பது யார் என்பதைக் கண்ணை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். என் வகுப்புப் பிள்ளைகள் கடைக்கு வந்தால் நான் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். அவ்வளவு வெட்கம்.

கடைக்குச் சரக்கு எடுக்கிற வேனை ஓட்டியவர் சாச்சா, அதாவது வாப்பாவின் தம்பி. அப்போது அவருக்கும் ஏறக்குறைய எனக்கு இப்போதுள்ள வயதுதான். ஊரில் பெண் பார்த்து நிச்சயம் செய்திருந்தார்கள். அதிலிருந்து ஃபோனும் கையுமாகத்தான் அலைந்தார். அந்தக் குளிர்காலத்தில், தபூக் பக்கத்து மலையில் பனி பெய்திருப்பதாக எல்லோருடைய ஃபோனுக்கும் ஒரு வீடியோ வந்தது. வெள்ளை மலையில் ஓர் ஒட்டகம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தது. சாச்சா அதைப் பெண்ணுக்கு அனுப்ப, நிஜமாகவே அங்கே பனி விழுமா, நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று அந்தப் பக்கமிருந்து கேள்வி வந்துவிட்டது. பார்த்ததில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"காக்கா, ஒரு தடவை போயிட்டு வந்துருவோம். கல்யாணம் முடிஞ்சா நான் எங்கயோ, நீங்க எங்கயோ," என்றார். எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஐஸ் பாக்கணும்னா மீன் மார்க்கெட்டுக்குப் போடா. பெட்டி பெட்டியா இருக்கு," என்றார் வாப்பா, குல்லாவுக்குள்ளிருந்து.

நான் அழுதேன். என் அழுகைக்கு வீட்டில் பெரிய மதிப்பு இல்லை. ஆனால் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத உம்மா, சோற்றை வடித்துக்கொண்டே, "எனக்கும் ஒருக்கா பாக்கணும்ங்க," என்றாள். வாப்பா அப்போதே, கடைக்கு இரண்டு நாள் யாரை வைக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

வேனில் முன்னால் மட்டும்தான் இருக்கை. அதற்குப் பின்னால் தடுப்பில்லாமல் சரக்கு வைக்கிற இடம், மூன்று பக்கமும் தகரம், ஜன்னல் கிடையாது, பக்கவாட்டில் இழுத்துத் திறக்கிற ஒரு கதவு. அதில் கம்பளம் விரித்து, தலையணை போட்டு, உம்மாவும் நானும் மிளகாய்த்தூள் வாசனையில் படுத்துக்கொண்டு போனோம். நான் கடையிலிருந்து ஒரு பாட்டில் நன்னாரி சர்பத் எடுத்துவந்திருந்தேன். பனி என்றால் ஐஸ், ஐஸ் என்றால் சர்பத் ஊற்றித் தின்பது; இதற்குமேல் பனியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. பெரியவர்களுக்கும் தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது. வேனில் ஏசி நன்றாக இருக்கிறதா என்று சாச்சா இரண்டு முறை பார்த்து வைத்திருந்தார். ஹீட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. யான்புவில் அதை யார் போட்டார்கள்?

தபூக்கில் வாப்பாவின் ஊர்க்காரர் ஒருவர் வீட்டில் தங்கினோம். காலையில் கிளம்பும்போது அவர் போர்வைகளும், மசாலா தடவிய கோழியும், கால் வைத்த ஒரு தகர அடுப்பும், ஒரு பை கரியும் ஏற்றிவிட்டார். மலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் கொண்டுபோவார்கள் என்றார். உண்மைதான். மேலே போனபோது சாலையோரமெல்லாம் கரி அடுப்புதான். சவூதிக் குடும்பங்கள் உள்ளே ரோமம் வைத்த நீள அங்கிகளைப் போட்டுக்கொண்டு, அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பையன்கள் சாப்பாட்டுத் தாம்பாளத்தில் உட்கார்ந்து சரிவில் வழுக்கினார்கள்.

பனி வீடியோவில் பார்த்த அளவுக்கு இல்லை. கறுப்புப் பாறைகளுக்கு நடுவே உப்பளத்து வரப்பு மாதிரி அங்கங்கே வெள்ளையாகக் கிடந்தது. எனக்கு அதுவே போதும். ஒரு கிண்ணம் நிறைய அள்ளி, சர்பத்தை ஊற்றித் தின்றேன். பல்லிடுக்கில் மண் நறநறத்தது. சாச்சா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பனியை வானத்தில் எறிந்து அதற்குக் கீழே நிற்கிற மாதிரி வீடியோ எடுக்கச் சொன்னார். நான் எடுத்தது ஒவ்வொன்றிலும் அவர் தலை வெட்டுப்பட்டதால் பலமுறை எறிய வேண்டியிருந்தது. உம்மா ஓரமாகப் போய், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு காலின் சாக்ஸைக் கழற்றி வெறும் காலைப் பனியில் வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வாப்பா வேனைவிட்டு இறங்கவே இல்லை. பாத்துட்டீங்கள்ல, கெளம்புவோமா என்று உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதே கிளம்பியிருக்கலாம். சாச்சா அடுப்பைப் பற்றவைத்து, கம்பியில் கோழியைப் பரப்பியிருந்தார். கோழி பாதி வெந்துகொண்டிருக்கும்போது மேகம் கீழே இறங்கியது. எதிரில் நின்ற மலையைக் காணவில்லை. காற்று சுழற்றியடித்து, அதோடு பட்டாணி அளவுக்கு ஆலங்கட்டி விழ ஆரம்பித்தது. எல்லோரும் வண்டிகளுக்குள் ஓடினார்கள். கீழே வளைவில் ஒரு வண்டி வழுக்கிச் சாலைக்குக் குறுக்கே நின்றுவிட்டதாகவும், வழி சரியாகும்வரை யாரும் மலையிறங்க வேண்டாம் என்றும் போலீஸ்காரர் ஒருவர் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்.

வேனுக்குள் பல் கிட்டிப்போகிற குளிர். சாச்சா ஹீட்டரைப் போட்டார்; ஐஸ் போலக் காற்று வந்தது. வாப்பாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. உம்மா தன் போர்வையையும் எடுத்து அவர்மேல் போர்த்தினாள். அந்த நிலையில் வாப்பா சொன்னார்:

"அடுப்ப உள்ள தூக்கி வைடா. கோழியும் வீணாப் போவாது, நமக்கும் கணகணன்னு இருக்கும்."

"பொக மூட்டுமேங்க," என்றாள் உம்மா.

சாச்சா அடுப்பைக் குனிந்து பார்த்தார். கரி நன்றாகச் சிவந்து, மேலே சாம்பல் பூத்திருந்தது. "பொகையே இல்ல பாருங்க," என்றார்.

குளிருக்கு நெருப்பு மூட்டிப் பழகாத ஊர்க்காரர்கள் நாங்கள். எங்களுக்கு நெருப்பின் ஆபத்து என்றால் இரண்டுதான்: சுடும், புகையும். ஊரில் கரி போட்டுச் சாம்பிராணி காட்டினாலும் கதவு, ஜன்னல், முற்றம் எல்லாம் திறந்து கிடக்கும். அங்கே கரி யாரையும் ஒன்றும் செய்ததில்லை. சிவந்த கரி மூடிய இடத்தில் நிறமோ மணமோ இல்லாத ஒரு நச்சுக்காற்றை விடும் என்பதும், அது ஆளைத் தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும் என்பதும் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. குளிர்நாட்டுக் குழந்தைக்குத் தெரிந்திருக்கக்கூடும். சாச்சா அடுப்பை வேனின் பின்பக்கத்தில் வைத்தார்; நான்கு பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்தோம். வாப்பா, காற்று வருகிறது என்று கதவை இழுத்துச் சாத்தச் சொன்னார். முன்கதவுக் கண்ணாடிகளின் இடுக்கில்கூடத் துண்டைத் திணித்தார்கள்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தப் பயணத்தின் மிக நல்ல நேரம் அதற்குப் பிறகுதான். தகரத்தில் ஆலங்கட்டி சடசடவென்று விழுந்துகொண்டிருக்க, உள்ளே கோழி வாசனையும் சிவப்பு வெளிச்சமும். வாப்பா மெல்ல மெல்ல உருகி மனிதரானார். குல்லாவைக் கழற்றினார். முதன்முதலில் தம்மாமில் வந்து இறங்கியபோது கம்பளி கொண்டுவராமல், ரூமில் இருந்தவரின் தொழுகைப் பாயைச் சுற்றிக்கொண்டு தூங்கியதைச் சொல்லிச் சிரித்தார். வாப்பா சிரிப்பதைப் பார்த்து உம்மாவும் சிரித்தாள். நான் கோழிக்கால் தின்றேன். எல்லோருக்கும் கன்னம் சிவந்திருந்தது. குளிர் போய் இரத்தம் ஓடுகிறது என்று வாப்பா சந்தோஷப்பட்டார்.

பிறகு உம்மா தலை வலிக்கிறது என்றாள். மலைமேல் ஏறினால் அப்படித்தான் இருக்கும் என்றார் வாப்பா. சாச்சா பெண்ணுக்கு ஏதோ தட்டிக்கொண்டிருந்தவர் கொட்டாவி விட்டார். ஃபோன் கையிலிருந்து நழுவி விழுந்தது. அதை அவர் எடுக்கவில்லை. ஃபோன் கீழே விழுந்து சாச்சா எடுக்காமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு வயிற்றைப் புரட்டியது.

"வாப்பா, வாந்தி வருது."

"ஐஸத் தின்னா வராம?" வாப்பாவின் நாக்கு குழறியது. "தண்ணியக் குடிச்சிட்டுப் படு."

உம்மாவை எழுப்பினேன். ம் என்றாள், கண்ணைத் திறக்கவில்லை. மறுபடி அசைத்தேன். அவள் தலை தலையணையிலிருந்து சரிந்து கம்பளத்தில் விழுந்தது. எனக்கு அதைப் பார்த்துப் பயம் வரவில்லை. நன்றாகத் தூங்குகிறாள், அவள்மேல் வாந்தியெடுத்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. கதவுப் பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். கையில் பலம் இல்லை. கதவு அசையவில்லை.

"தொறக்காத," என்றார் வாப்பா. "குளிர் வரும். தொறக்காதங்கிறேன்ல."

நான் வாப்பாவின் பேச்சைத் தட்டுகிற பிள்ளை இல்லை. பிடியை விட்டேன். வயிறு என்னைக் கேட்காமல் மேலே வந்தது. ஊர்க்காரர் வீட்டுப் போர்வை பாழாகப் போகிறதே என்ற பயத்தில் மறுபடி பிடித்து, காலைத் தகரத்தில் உதைத்துக்கொண்டு இழுத்தேன். கதவு திறந்தது. நான் வெளியே விழுந்தேன். முகம் பனியில் பதிந்தது. அங்கேயே சர்பத் நிறத்தில் வாந்தியெடுத்தேன்.

பின்னால் வாப்பா கத்துவது கேட்டது. கதவைச் சாத்து, சாத்து என்று. எழுந்து வந்து சாத்தியிருக்கலாம். அவரால் எழுந்திருக்க முடியவில்லை. அந்தச் சத்தம்தான் பக்கத்துப் பிக்கப்பில் இருந்த சவூதிப் பெரியவரின் காதில் விழுந்திருக்கிறது. நரைத்த தாடி, உயரமான ஆள். முதலில் என்னைத் தூக்கினார். பிறகு வேனுக்குள் பார்த்தார். பார்த்த கணத்தில் என்னை இறக்கிவிட்டு, வெறும் கையால் அடுப்பை இழுத்துப் பனியில் எறிந்தார். மிச்சக் கோழியெல்லாம் உருண்டது. கரி சீறியது. ஃபஹம், ஃபஹம் என்று கத்தினார். கரி என்று அர்த்தம். அடுத்து அவர் சொன்ன சொல் எனக்கு வீட்டிலேயே தெரிந்தது. மௌத். சாவு. சாச்சாவைச் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார். வாப்பா ஒன்றும் புரியாமல், எங்களை அடிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, பெரியவரின் கையைத் தட்டிவிட்டு எழுந்தார். இரண்டு முழங்காலும் மடங்கிக் கதவோரத்தில் விழுந்தார்.

குளிர்காற்று பட்டுச் சாச்சா இருமிக்கொண்டே கண் விழித்தார். உம்மா விழிக்கவில்லை. பெரியவரின் மகன் அவளைத் தூக்கிக் கதவுப் பக்கம் கிடத்தி, முகத்தில் பனியைத் தேய்த்தான். காலையில் அவள் கால் வைத்து விளையாடிய அதே பனி. அவள் உடம்பில் ஒரு சிலிர்ப்புகூட இல்லை. மூக்கருகே கையை வைத்துப் பார்த்துவிட்டு, மூச்சு இருக்கிறது, யல்லா யல்லா, சீக்கிரம் என்றான். வாப்பா அவளை, இங்க பாரு புள்ள, இங்க பாரு புள்ள என்று அழைத்துக்கொண்டே இருந்தார்.

மகன்தான் எங்கள் வேனை ஓட்டினான். பெரியவர் பிக்கப்பில் முன்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வழி விலக்கிப் போனார். குறுக்கே நின்ற வண்டியை அதற்குள் ஓரம் தள்ளியிருந்தார்கள்; போலீஸும் விட்டுவிட்டது. பக்கக் கதவைத் திறந்தே வைத்து, சாச்சா உம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தார். முன்னால் வாப்பா, அவர் மடியில் நான். அவர் கண்ணாடியை முழுக்க இறக்கி, என் தலையை வெளியே நீட்டச் சொன்னார். ஸ்வெட்டர், சால்வை எல்லாவற்றையும் என்மேல் சுற்றிவிட்டு, வெறும் சட்டையோடு அந்தக் காற்றில் உட்கார்ந்திருந்தார். மலைவளைவுகளில் வேன் இரண்டு தடவை வழுக்கியது. எனக்குத் தூக்கம் தூக்கமாக வந்தது. கண்ணை மூடினால் வாப்பா கன்னத்தில் தட்டினார். அதுவரை அவர் என்மேல் கை வைத்ததில்லை. கதவைத் திறந்ததற்குத் தண்டனை என்று நினைத்தேன்.

"கடையில நொழைஞ்சதும் எடது பக்கம், மேல் தட்டுல என்ன இருக்கு?"

இந்த நேரத்தில் இது என்ன கேள்வி? "பால் பவுடர்," என்றேன்.

"அதுக்குக் கீழ?"

"டீத்தூள்."

"அதுக்குக் கீழ? ஏய், கண்ணத் தொற. அதுக்குக் கீழ?"

கடையில் ஒரு டப்பா இடம் மாறியிருந்தால் சாச்சாவை வறுத்தெடுத்துவிடுகிற மனிதர் அவர். நான் கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். சோப்பு இருக்கிற இடத்தில் ஊறுகாய் என்றேன். சரி என்றார். அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ஐஸ்கிரீம் என்றேன். சரி, அடுத்து என்றார். தராசின்மேல் ஆட்டுக்குட்டி இருக்கிறது என்றுகூடச் சொன்னேன். சரிம்மா, சரி, அதுக்குப் பக்கத்துல என்ன என்றார். இடையிடையே பின்னால் திரும்பி, "தம்பி, மூச்சு இருக்கா?" என்று கேட்பார். "இருக்கு காக்கா," என்று சாச்சா அழுதுகொண்டே சொல்வார். வாப்பா மறுபடி என்னிடம் திரும்பி அடுத்த தட்டுக்குப் போவார். கடை முடிந்தது. மறுபடி முதல் தட்டிலிருந்து ஆரம்பித்தார்.

அடிவாரத்து ஊரில் இருந்த சின்ன ஆஸ்பத்திரியில் எங்கள் நால்வர் மூக்கிலும் ஆக்சிஜனைப் பொருத்தினார்கள். உம்மாவை அன்றைக்கே தபூக்கில் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். மறுநாள் மதியம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது அவள் கண் விழித்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் தொடங்கினார். வாப்பா கையைக் காட்டி அதை முடிக்கவிடவில்லை. சாச்சாவை நான் எடுத்த வீடியோ எதுவும் பெண்ணுக்குப் போகவில்லை. இப்போது அவருக்கு நாற்பத்திரண்டு; கீழக்கரையில் மார்கழி மாசம் மஃப்ளர் இல்லாமல் வாசலுக்கு வருவதில்லை. குளிர் ஆகாது என்கிறார். யாரும் கேலி செய்வதில்லை.

உம்மா கண் விழித்ததும் என்னை உள்ளே விட்டார்கள். வாப்பா கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். ஆக்சிஜன் முகமூடிக்கு மேலே உம்மாவின் கண் என்னைத் தேடி நின்றது. அவளிடம் சொல்ல எனக்கு ஒரு பெரிய சேதி இருந்தது. காதருகே குனிந்து, வாப்பாவுக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்: "உம்மா, குளிர்ல வாப்பாக்கு மூள ஒறைஞ்சு போச்சு. கடையில எது எங்க இருக்குன்னே தெரியல. நான் என்ன தப்பாச் சொன்னாலும் சரி சரிங்கிறாக."

உம்மா மெல்ல வாப்பாவின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஒரு சின்ன அதட்டலுக்காக நானும் காத்திருந்தேன். அவர் போர்வையின் ஓரத்தை இழுத்து உம்மாவின் காலை மூடிவிட்டு, அதற்கும், "சரி," என்றார்.